காலைச் சாப்பாட்டுக்கு வந்த மாப்பிள்ளை

இன்சோக் நாலரை மணிக்கு எழுந்தான். விளக்கைப் போட்டான். படுக்கையை மடித்துச் சுவரோரம் வைத்தான். பக்கத்தில் இன்னொரு படுக்கை மடித்தபடியே இருந்தது. அதை இப்போது யாரும் விரிப்பதில்லை. முகம் கழுவினான். இரண்டு ஜோடி காலுறை போட்டான். ரப்பர் கையுறைகளைச் சூடேற்றிய தரையில் காய வைத்திருந்தான். அவற்றை எடுத்து உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். காய்ந்திருந்தன.

சமையலறையில் மாமியார் மல்சூன் முளைப்பயறு சூப்பைக் கொதிக்க விட்டிருந்தாள். அந்த வீட்டில் தினமும் காலையில் அதுதான். முந்தின இரவு குடித்த வயிற்றுக்கு அது மருந்து. மாமனார் தொக்சு தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கிண்ணம். மருமகனுக்கு ஒரு கிண்ணம். மூன்றாவதைச் சின்ன மகள் யூரிமுக்கு ஊற்றப் போனாள் மல்சூன்.

"எனக்கு வேணாம்மா. சோறும் முட்டையும் போதும்."

"தினம் இதையே சொல்ற. குடிக்காதவ சூப் சாப்பிடக் கூடாதா?"

"சாப்பிடலாம். ஆனா நம்ம வீட்ல இது மருந்து. நோய் இல்லாதவளுக்கு எதுக்கு மருந்து?"

தொக்சு தலை தூக்கவில்லை. "கேட்டியா மாப்ள. நாம ரெண்டு பேரும் நோயாளியாம்."

இன்சோக் கரண்டியைக் கிண்ணத்தில் விட்டான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்து வைத்தான்.

அவன் தேகூ நகரத்துக்காரன். பூசானில் கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தவன். மனைவி போரம் நோயில் விழுந்ததும் அவளைக் கடற்கரை ஊரான தோங்யோங்குக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தான். போன குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். அதன் பிறகும் அவன் அங்கேயே இருந்தான். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. மாமனாரின் சிப்பிப் படகில் ஓர் ஆள் குறைவாக இருந்தது. ஏறிக்கொண்டான்.

மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவில் பேச்சு கிடையாது. சோஜூ என்ற அரிசிச் சாராயம் உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் இவன் கோப்பையை நிரப்புவார். இவன் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து அவர் கோப்பையை நிரப்புவான். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அதனால் ஒருவர் எழுந்து போனால் மற்றவர் வெறும் கோப்பையோடு உட்கார வேண்டியிருக்கும். அதனால் இருவரும் எழுந்து போவதில்லை. மூன்றாவது பாட்டிலில் தொக்சு மகள் பேரைச் சொல்லி அழுவார். காலையில் இருவரும் சூப் குடிப்பார்கள். அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அன்று கடல் தட்டையாக, ஈயம் மாதிரி கிடந்தது. மிதவைகளுக்கு அடியிலிருந்து கயிறுகளை இயந்திரம் இழுத்தது. கொத்துக் கொத்தாகச் சிப்பிகள் சேறும் பாசியுமாக மேலே வந்து படகுத் தளத்தில் விழுந்தன. இன்சோக் கொக்கியால் இழுத்துக் கூடையில் தள்ளினான். விரல்கள் மரத்தன. அது அவனுக்குப் பிடித்திருந்தது. கடலில் மரத்துப் போவதற்கு ஒரு காரணம் இருந்தது.

"நாளைக்குக் காத்து," என்றார் தொக்சு, மேற்கே பார்த்து. "படகு போகாது. நல்லதாப் போச்சு. யூரிமைக் கட்டிக்கணும்னு சொல்ற அந்த லாரிக்காரன் மத்தியானம் வரட்டும். உக்கார வெச்சு ஊத்திப் பாத்துடறேன்."

"சரிங்க மாமா."

"உன்னையும் அப்படித்தான் பார்த்தேன்."

"ஞாபகம் இருக்கு."

"நீ ரெண்டாவது பாட்டில்லயே சாஞ்சுட்ட. ஆனா சாஞ்சப்பவும் பெரியவன் எதிர்லன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டுதான் குடிச்ச. மரியாதை தெரிஞ்ச பய. அதான் பொண்ணு குடுத்தேன்."

சிப்பி உடைக்கும் கொட்டகையில் பெண்கள் நீளமேசையின் இருபுறமும் நின்றார்கள். ரப்பர் ஏப்ரன், தலையில் துணி, கையில் குட்டைக் கத்தி. ஓட்டின் இடுக்கில் கத்தி நுழையும், ஒரு திருகு, சதை வாளியில் விழும், ஓடு பின்னால் குவியலில் விழும். எல்லோருக்கும் அறுபது வயதுக்கு மேல். யூரிம் ஒருத்திதான் இருபத்தேழு. பூசானில் அழகுப்பொருள் கம்பெனியில் இருந்தவள், அக்காவின் சாவுக்கு வந்து, அவனைப் போலவே திரும்பிப் போகாதவள். இலையுதிர் காலத்திலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை. கொட்டகை முழுக்க அதுதான் பேச்சு.

இன்சோக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். சூன்ஜா கிழவி ஆரம்பித்தாள்.

"ஏண்டி யூரிம், நாளைக்கு உங்கப்பன் அந்த லாரிக்காரத் தேசிக் பயலை நனைக்கப் போறாராமே?"

"நனைய மாட்டார். குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"அடி போடி. மாமனார் நீட்டற கோப்பையை வாங்காதவன் இந்த ஊர்ல எங்கடி பொண்ணு எடுத்திருக்கான்?"

"இவர் எடுப்பார்."

"நீங்க ரெண்டு பேரும் ஏலக்களத்துல காபி மெஷின் பக்கத்துல நிக்கறதை நான் பார்த்தேனே. ரெண்டு விளக்குக் கம்பம் மாதிரி. அவன் கோப்பையைப் பாக்கறான், நீ உன் பூட்ஸைப் பாக்கற. அது என்னடி காதல்? ஒரு கோப்பை உள்ள போனா நாக்கு தானா அவுந்துட்டுப் போகுது!"

மேசை சிரித்தது. யூரிமும் சிரித்தாள். கத்தி நிற்கவில்லை.

"அவுந்து பாத்தாச்சு பாட்டி. பூசான்ல மூணு பேர் என்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க. மூணு பேரும் குடிச்சுட்டுதான் சொன்னாங்க. காலையில போன் பண்ணி, 'நேத்து நான் ஏதாவது உளறினேனா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"'எனக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல'ன்னேன்."

"இருந்துச்சா?"

"ஒவ்வொரு வார்த்தையும் இருந்துச்சு." இன்னொரு சிப்பியை எடுத்தாள். "நானும் ஒருத்தர்கிட்ட அப்படிச் சொன்னேன். அப்பறம் மறந்த மாதிரி நடிச்சேன். பயம். குடிச்சுட்டுச் சொன்னா வேணுங்கறப்ப வாபஸ் வாங்கிக்கலாம்ல. அதான் எல்லாரும் குடிச்சுட்டுச் சொல்றோம்."

"அதுல என்ன தப்புங்கறேன். வெக்கம் போகுது."

"வெக்கம் போனதும் எனக்குள்ள வேற ஒருத்தி வருவா பாட்டி. நல்லா சிரிப்பா, நல்லா பாடுவா. எல்லாருக்கும் அவளைப் பிடிச்சிருந்தது. என்னை ஒருத்தனுக்கும் தெரியாது. நான் யாரோட பழகினாலும் அவளைத்தான் அனுப்பி வெச்சுட்டிருந்தேன்."

கிழவி ஓட்டைப் பின்னால் எறிந்தாள். "இந்தப் பய?"

"இவர் என்னைத்தான் பார்த்திருக்கார். பூட்ஸைப் பாக்கறவளை. முதல் நாள் காபி ஆறிப் போற வரைக்கும் பேசவே இல்ல. அப்பறம் 'லாரி ஹீட்டர் வேலை செய்யல'ன்னார். நான் 'அய்யய்யோ'ன்னேன். அவ்ளோதான் அன்னிக்கு."

"அய்யய்யோவா!" கிழவி கத்தியை மேசையில் தட்டிச் சிரித்தாள். "இதைக் கேக்க நான் உசிரோட இருந்தேனே!"

இன்சோக் கூடையைக் கவிழ்த்தான். அவனும் போரமும் கல்லூரிக் குடிமேசையில் பழகியவர்கள். எல்லோரும் அப்படித்தான் பழகினார்கள். அதைத் தவிர வேறு வழி உண்டு என்று அவன் யோசித்ததில்லை.

மறுநாள் காற்று சொன்னபடி வந்தது. கூரைத் தகடுகள் தடதடத்தன. மத்தியானம் மல்சூன் தாழ்வான மேசையில் சிப்பி அடை, பொரித்த மீன், கிம்ச்சி ஊறுகாய், கடற்பாசி எல்லாம் பரப்பினாள். தொக்சு நல்ல சட்டை போட்டிருந்தார். மேசைக்கு அடியில் பச்சைப் பாட்டில்கள் வரிசையாக நின்றன.

தேசிக் வந்தான். முப்பது வயது, தடித்த தோள், சியோலுக்குச் சிப்பி ஏற்றிப் போகிறவன். ஒரு பெட்டி பேரிக்காயை இரண்டு கையால் நீட்டினான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. மண்டியிட்டு வணங்கினான். எழுந்தபோது கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்தான்.

யூரிம் அவன் பக்கத்தில் தட்டை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. புதினா மிட்டாய் வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசம்.

"குடிச்சீங்களா?"

தேசிக்கின் முகம் ஏற்கெனவே சிவந்திருந்தது. மேலும் சிவந்தது. "ரெண்டு கோப்பை. ரெண்டே ரெண்டு. தெருமுனை வரைக்கும் வந்துட்டேன், அதுக்கு மேல கால் வரல. லாரிக்கு வேற ஆள் ஏற்பாடு பண்ணிட்டுதான்..."

"லாரியைக் கேக்கல நான்."

"அட, விடு பிள்ளை!" தொக்சுவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பயந்துட்டுக் குடிச்சிருக்கான். நானும் உங்க தாத்தாவைப் பார்க்கப் போனப்ப அப்படித்தான். என் ஆளுடா நீ! இந்தா, வாங்கு."

அவர் ஊற்றினார். கோப்பை விளிம்பு வரை நிறைந்தது. நீட்டினார். தேசிக்கின் இரண்டு கையும் தானாக எழுந்தன. அந்த ஊர் ஆண்களின் கைகளுக்கு அது பழக்கம், தும்மலுக்குக் கண் மூடுவது மாதிரி. வாங்கிவிட்டான்.

"வைங்க," என்றாள் யூரிம்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மல்சூன் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். தேசிக் கோப்பையைப் பார்த்தான், யூரிமைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான். குடித்தால் அவள் போய்விடுவாள். வைத்தால் அவளுடைய அப்பா எழுந்து போய்விடுவார்.

"யூரிம்," என்றார் தொக்சு. "நான் குடுத்த கோப்பை இந்த மேசைக்குத் திரும்பி வந்ததில்ல."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா?"

அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. இன்சோக் அந்தக் கையைப் பார்த்தான். அது லேசாக நடுங்கியது. கோபத்தால் நடுங்கவில்லை, பயத்தால். ஒரு வருஷமாகத் தினமும் அந்தக் கையின் எதிரில் உட்கார்ந்தவன் அவன். அவனுக்குத் தெரியும்.

எட்டித் தேசிக்கின் கையிலிருந்து கோப்பையை வாங்கினான். பெரியவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரே மூச்சில் குடித்தான். வெறும் கோப்பையை மேசையில் வைத்தான்.

தொக்சு மூக்கால் சிரித்தார்.

"கறுப்பு வீரனா நீ?"

குடி விளையாட்டில் தோற்றவரின் கோப்பையை வேறொருவர் வாங்கிக் குடித்தால் அவருக்கு அதுதான் பேர். குடித்தவர் ஒரு வரம் கேட்கலாம். கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். பொதுவாக முத்தம் கேட்பார்கள், பாட்டுப் பாடச் சொல்வார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டு.

"என் வயசுக்கு இதையும் பார்த்தாச்சு. சரி, ஆட்டத்து விதின்னா விதி. வரம் கேளு மாப்ள. ஊத்தினது நான், என்கிட்டயே கேளு."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் இன்சோக் இதுவரை எதுவும் கேட்டதில்லை. மல்சூனுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில அவர் வரட்டும் மாமா," என்றான். "கடலுக்குப் போறதுக்கு முன்னாடி. காலைச் சாப்பாட்டுக்கு."

"காலையிலயா? காலையில பொண்ணு கேட்டு எவன்டா வருவான்? ஒரு கோப்பை இல்லாம நான் அவன்கிட்ட என்னத்தைப் பேச?"

"தெரியல மாமா. நான் கேட்டது அதுதான்."

தொக்சு பாட்டிலின் மூடியைத் தேடினார். அது கிடைக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். தேசிக் அடையைத் தொடாமல் மூன்று முறை வணங்கிவிட்டுப் போனான். யூரிம் வாசல் வரை போகவில்லை.

பாத்திரம் கழுவும்போது இன்சோக் பக்கத்தில் நின்று துடைத்தான்.

"நீங்க ஏன் அத்தான் குடிச்சீங்க? அவர் கோப்பை அவர் பாடு. அவரே வெச்சிருக்கணும்."

"மாமா கை நடுங்குச்சு."

"நீங்க எப்பவும் அப்பாவுக்குத்தான்." தட்டை ஓங்கி வைத்தாள். "காலையில வரமாட்டார். பாருங்க. வெறும் வாயோட இந்த வீட்டு வாசலுக்கு வர அவருக்குத் தைரியம் கிடையாது."

"வரலன்னா?"

"வரலன்னா அவ்ளோதான். திரும்பவும் காபி மெஷின் பக்கம் போகமாட்டேன்." வைத்த தட்டையே மறுபடி எடுத்தாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு அத்தான். அந்த ஹீட்டர் பேச்செல்லாம் கூடப் பிடிச்சிருக்கு."

மத்தியானப் பாட்டில் முக்கால் பங்கோடு அவள் கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"இப்ப ரெண்டு கோப்பை குடிச்சேன்னா போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிடுவேன். அழுவேன். அவரும் அழுவார். எல்லாம் சரியாயிடும். எவ்வளவு சுலபம் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு நிஜமாவே தெரியும்."

"ம்."

கையைத் துடைத்தாள். மேசைக்கு அடியில் குனிந்து மூடியைக் கண்டுபிடித்தாள். பாட்டிலை மூடினாள், இறுக்கித் திருகினாள், குளிர்பெட்டியில் கிம்ச்சி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து மறுபடி பாத்திரத்தைத் தேய்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இன்சோக்கின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. வெகுநாளாக அங்கே எதுவும் அசைந்ததில்லை. இது என்ன என்று யோசித்தான். பெருமை என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வழக்கம்போல் பாட்டிலோடு மாமனார் எதிரில் உட்கார்ந்தான். ஊற்றப் போனான். தொக்சு கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"வேணாம். காலையில ஆள் வருது."

"சரிங்க மாமா."

"அவன் முன்னாடி சூப் குடிச்சுட்டு உக்காரச் சொல்றியா? நோயாளி மாதிரி?"

இருவரும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கோப்பை இல்லாததால் எழுந்து போகலாம் என்றிருந்தது. ஆனாலும் போகவில்லை. தொலைக்காட்சியில் வானிலை சொன்னார்கள். தொக்சு அதையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

காலையில் காற்று நின்றிருந்தது. மல்சூன் பழக்கத்தில் முளைப்பயறு சூப் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் யாருக்கும் அது தேவையில்லை என்று தெரிந்தது. "என்ன செய்ய, வெறும் சூப்பாவே சாப்பிடுங்க," என்றாள்.

யூரிம் முட்டையை உடைத்தாள். ஓடு சட்டியில் விழுந்தது. எடுத்தாள். வாசல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்று அவள் கழுத்தில் தெரிந்தது. ஐந்தரை ஆனது. அதற்கு மேலும் ஆனது. தொக்சு ஒருமுறை தொண்டையைச் செருமினார். யாரும் கரண்டியைத் தொடவில்லை.

லாரி வருகிற சத்தம் கேட்டது. நின்றது. கதவு திறந்தது. மறுபடி மூடியது. ஆள் இறங்கவில்லை.

"உக்காந்திருக்கான்," என்றாள் மல்சூன், ஜன்னல் துணியை விலக்கி. "ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கான்."

"நான் போய்க் கூப்பிடவா?" என்றான் இன்சோக்.

"வேணாம் அத்தான்," என்றாள் யூரிம். "அவரே வரணும்."

மறுபடி கதவு திறந்தது. இந்த முறை காலடிச் சத்தம். தேசிக் வாசலில் நின்றான். தலை ஈரம். துவைத்த சட்டை. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொங்கியது.

"நேத்து குடிச்சுட்டு வந்ததுக்கு மன்னிக்கணும்."

"உள்ள வா. குளிர் வருது," என்றார் தொக்சு.

உட்கார்ந்தான். மல்சூன் வாற்கோதுமைத் தண்ணீர் வைத்தாள். தொக்சு அதை எடுத்துப் பார்த்தார். ஊற்றிக் கொடுக்க எதுவும் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியவில்லை அவருக்கு. முழங்காலில் வைத்தார், மேசையில் வைத்தார்.

"டீசல் என்ன விலை இப்ப?"

தேசிக் சொன்னான்.

"அடேயப்பா. ஹீட்டர் சரி பண்ணிட்டியா?"

"பண்ணலீங்க."

"ஏன்?"

"பண்ணினா அவங்களோட பேச ஒண்ணும் இருக்காதுன்னு..."

மல்சூன் வாயைப் பொத்திக்கொண்டாள். யூரிம் சட்டியோடு திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தொக்சுவின் மீசை அசைந்தது. பிறகு அசையவில்லை. சூப்பை ஒரு வாய் எடுத்தார். கரண்டியை வைத்தார்.

"எனக்கு இன்னொரு பொண்ணு இருந்தா. போரம். மூத்தவ. இதோ உக்காந்திருக்கானே, இவன் பொண்டாட்டி."

குடிக்காத நேரத்தில் அவர் அந்தப் பேரைச் சொல்லி இன்சோக் கேட்டதில்லை. அழாமல் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாக, கனமான கூடையை இறக்கி வைப்பது மாதிரி சொன்னார்.

"தெரியுங்க," என்றான் தேசிக்.

"உனக்குத் தெரியும். என் வாயால சொல்லணும்ல. இந்த வீட்டுக்கு வர்றவன்கிட்ட." மருமகன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கிம்ச்சித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "சரி. நீ எதுக்கு வந்த, சொல்லு."

தேசிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாய் காய்ந்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும் சத்தம் கேட்டது. ஒருமுறை ஆரம்பித்தான், நின்றான். வாற்கோதுமைத் தண்ணீரை எடுத்தான், குடிக்காமல் வைத்தான். அவனுக்காகக் குடிக்க அங்கே எதுவும் இல்லை. இன்சோக் தன் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு யூரிமைப் பிடிச்சிருக்கு," என்றான் தேசிக். குரல் பாதியில் கீச்சென்றது. "கட்டிக்கணும்னு ஆசை. இதைக் குடிச்சுட்டுச் சொல்லியிருந்தா நல்லா சொல்லியிருப்பேன். இவ்வளவுதான் வருது."

"போதும்," என்றார் தொக்சு. மகளைப் பார்த்தார். "இவளுக்குக் குடிக்காமலே காது சிவந்துடுச்சே."

அன்று கொட்டகையில் அதுதான் பேச்சு. யூரிம் அப்பனின் பாட்டில்களையெல்லாம் கடலில் எறிந்துவிட்டுத்தான் சம்மதித்தாளாம் என்றாள் ஒருத்தி. இல்லை, அக்கா படத்தின் முன் விழுந்து அழுதாளாம் என்றாள் இன்னொருத்தி. சூன்ஜா கிழவிக்குக் கிடைத்த கதையில் அவள் வெட்கப்பட்டு ஓடி ஒளிந்துகொண்டாள். யூரிம் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள், எதையும் மறுக்கவில்லை. இன்சோக் கூடையோடு வந்தபோது கிழவி அவனை மடக்கினாள்.

"நீங்கதான் அங்க இருந்தீங்களே தம்பி. என்னதான் சொன்னா இவ?"

காலையில் அவள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. சட்டியை இறக்கி வைத்தாள், திரும்பினாள், எப்போதும்போல் கீழே பார்க்காமல் தேசிக்கின் முகத்தைப் பார்த்தாள். எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், இன்சோக்கின் முகத்தையும். இன்சோக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கொட்டகை முழுவதற்கும் கேட்கும்படி, அவள் சொன்னதைச் சொன்னான்:

"எனக்கும் பிடிச்சிருக்கு. விடிஞ்சாச்சு, எல்லாரும் தெளிவா இருக்கீங்க. ஞாபகம் வெச்சுக்கங்க."